எஃப்டி8 போட்டியில் ஆளுக்கு என்ன வேலை?

கேள்வி: காவேரிப்பட்டினத்திலிருந்து, 2 ஆகஸ்ட் 2025

அண்ணா, போன வருடம்தான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வந்தது. 20 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ), மாடியில் ஒரு டைபோல் கம்பி ஆண்டெனா, பழைய லேப்டாப். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வரும் டபிள்யூ.டபிள்யூ. டிஜி போட்டியில் (கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் செய்தி அனுப்பும் எஃப்டி8, எஃப்டி4 முறைகளில் உலகெங்கும் உள்ள நிலையங்களைத் தொடர்புகொள்ளும் போட்டி) கலந்துகொள்ள ஆசை. எந்த மென்பொருள் நல்லது? இன்னொன்று. இங்கே மூத்த ஹாம் ஒருவர் சொல்கிறார்: "எஃப்டி8ல கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது. நீ டீ குடிச்சிட்டு வந்தா லாக் (தொடர்புக் குறிப்பேடு) நிறைஞ்சிருக்கும். அது ஒரு போட்டியா?" நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

2 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

டீக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்ற எஃப்டி8 மென்பொருளில் வாட்ச்டாக் என்று ஒன்று உண்டு. எதையும் தொடாமல் எழுந்து போனால் ஆறு நிமிடத்தில் சிக்னல் அனுப்புவதை அது நிறுத்திவிடும். தொடர்பு ஒன்று முடிந்து 73 (விடைபெறும் வணக்கம்) போனதும் அடுத்த அழைப்புக்கு நீங்கள்தான் மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். போட்டி விதியும் ஆள் இல்லாமல் ஓடும் நிலையத்தை ஏற்பதில்லை. எங்கள் பாலக்கோட்டில் டீ ஆற்றிக் குடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

மென்பொருள் என்றால் டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் ஒன்றே போதும். லாக்குக்கு என்1எம்எம் லாக்கர் பிளஸ் சேர்த்துக்கொண்டால், எந்த நிலையம் புதிது, எது ஏற்கெனவே எடுத்தது என்று நிறம் காட்டும். இரண்டும் இலவசம். வேறு நல்ல மென்பொருளும் இருக்கிறது. முதல் போட்டிக்கு அதையெல்லாம் தேடி அலைய வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் போட்டிகளின் பட்டியல் இருக்கும். அதில் டபிள்யூ.டபிள்யூ. டிஜியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கிரிட் (நம் இடத்தைக் காட்டும் கட்டக் குறியீடு) போக வேண்டிய இடத்தில் சிக்னல் அளவு போகும்.

ரிட்டியை (ரேடியோ வழி டெலிபிரிண்டர் முறை) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் காலம் முடிந்துவிட்டது.

3 ஆகஸ்ட் 2025

20 வாட்டைக் குறைவு என்று நினைக்காதீர்கள். எஃப்டி8 எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் அந்தக் கவலை போய்விடும்.

இதை 2017இல் கொண்டுவந்தவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும். எஃப் என்பது ஃபிராங்கே, டி என்பது டெய்லர். டெய்லர் 1993இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். ஹல்ஸுடன் சேர்ந்து பைனரி பல்சரை (இன்னொரு விண்மீனோடு சுற்றிவரும், ரேடியோ துடிப்பு விடும் விண்மீனை) கண்டுபிடித்ததற்காகக் கிடைத்த பரிசு அது. இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் வானத்துத் துடிப்பைத் தோண்டி எடுத்த அந்த மனிதர்தான், உங்கள் மாடிக் கம்பியிலிருந்து போகும் சிக்னலையும் எங்கோ ஒருவர் தோண்டி எடுக்க வழி செய்திருக்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

ஒரு செய்தி மொத்தம் 77 பிட். இரண்டு அழைப்புக்குறி (நிலையங்களின் அடையாளப் பெயர்), ஒரு கிரிட், அதற்கு மேல் இடமில்லை. அதை 8 சுரங்களாக்கி, 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், 12.64 நொடியில் அனுப்புகிறது. 15 நொடிக்கு ஒரு முறை. காதுக்கு எதுவுமே கேட்காத அளவில், மைனஸ் 21 டெசிபல் வரைக்கும் (இரைச்சலைவிட அவ்வளவு தாழ்வாக இருந்தாலும்) பிரித்தெடுத்துவிடும்.

எஃப்டி4 என்பது 2019இல் போட்டிக்கென்றே செய்தது. 7.5 நொடி முறை. வேகம் இரட்டிப்பு, ஆனால் பலவீனமான சிக்னலை எடுக்கும் திறன் மூன்று நான்கு டெசிபல் குறைவு. நான்கு செய்தியில் ஒரு தொடர்பு முடிகிறது என்று வைத்தால் எஃப்டி8இல் ஒரு நிமிடம், எஃப்டி4இல் அரை நிமிடம். பேண்ட் (அலைவரிசைப் பகுதி) நன்றாகத் திறந்து தூரத்துச் சிக்னல் வலுவாக வந்தால் எஃப்டி4, மங்கினால் எஃப்டி8. இந்த முடிவை எந்தக் கம்ப்யூட்டரும் எடுக்காது.

5 ஆகஸ்ட் 2025

கிரிட் என்ன போடுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எம்கே92. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அதுதான்.

9 ஆகஸ்ட் 2025

மேலே சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு ஆசிரியர் நண்பர் போன் செய்தார். "என் வீட்டு மொட்டைமாடியில் ஜிபிஎஸ் எம்கே82 காட்டுதே, எதை நம்புறது?" என்றார். ஜிபிஎஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். 78 பாகை தீர்க்கரேகை நம் இரண்டு மாவட்டத்தையும் மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு போகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் அதற்குக் கிழக்கே, அதனால் எம்கே92. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் மேற்கே, அதனால் எம்கே82. ராயக்கோட்டைக்காரர்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கட்டாயம் சரிபார்த்துக்கொள்ளவும்.

இந்தப் போட்டியில் கிரிட்தான் பரிமாற்றம் (ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டிய தகவல்). தொடர்புக்கு ஒரு புள்ளி, அதோடு ஒவ்வொரு 3000 கிலோமீட்டருக்கும் கூடுதலாக ஒன்று. பெங்களூருவை எடுத்தால் 1, ஜப்பானும் ஜெர்மனியும் 3, அமெரிக்கக் கிழக்குக் கரை 5. தூரத்தைக் கணக்கிடுவது கிரிட்டை வைத்து. பெருக்கலுக்கு (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணுக்கு) கிரிட்டின் முதல் இரண்டு எழுத்தைத்தான் பார்க்கிறார்கள், அது நம் எல்லோருக்கும் எம்கேதான். அப்படியிருந்தும் தவறான கிரிட்டை அனுப்புவது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம். அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருப்பார்.

14 ஆகஸ்ட் 2025

தம்பி அனுப்பிய வாட்டர்ஃபால் (வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) படத்தைப் பார்த்தேன். (எங்கள் வட்டத்தில் அந்தத் திரைக்கு ஒகேனக்கல் என்றே பெயர். "ஒகேனக்கல்ல தண்ணி வருதா?" என்றால் பேண்ட் திறந்திருக்கிறதா என்று அர்த்தம்.) படத்தில் குறுக்கே ஒரே சீராக மஞ்சள் கோடுகள். கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று. இந்தக் கோடுகளோடு நான் ஒரு வருடம் போராடியிருக்கிறேன், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

என் வீடு பாலக்கோட்டுக்கு வெளியே, தக்காளித் தோட்டத்தில். மாரண்டஅள்ளிப் பக்கமிருந்து யானை இறங்கும் வழி. அதனால் சுற்றிலும் எல்லார் காட்டிலும் சோலார் வேலி. போன வருடம் போட்டிக்கு முதல் நாள் ரிக்கைப் போட்டால் டக், டக், டக் என்று சுவர்க்கடிகாரம் மாதிரி அடிக்கிறது. டிகோடு ஆவது (சிக்னல் செய்தியாகப் பிரிவது) பத்தில் இரண்டு. ரிக் கெட்டுவிட்டதா, கேபிளா, லேப்டாப் சார்ஜரா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். கோளாறைத் தேடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படியிருந்தும் இரண்டு வாரம் பிடித்தது.

கடைசியில் பாக்கெட் டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தேன். டக் சத்தம் ஒரு இடத்தில் கூடிக்கொண்டே போனது. அங்கே உண்ணிச்செடி ஒன்று வேலிக் கம்பியில் சாய்ந்து கிடந்தது. பொழுது சாய்ந்த நேரம் என்பதால் கண்ணுக்கும் தெரிந்தது: இலை நுனியும் கம்பியும் தொடும் இடத்தில் நீலமாக ஒரு பொட்டு. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு பொட்டு. இலையின் ஓரம் கருகியிருந்தது. அந்த ஒரு இலைதான் ஐரோப்பா முழுவதையும் என்னிடமிருந்து மறைத்திருக்கிறது.

வேலிக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. வேலிக்கு ஷாக் அனுப்பும் எனர்ஜைசர் பெட்டியை அணைத்துவிட்டு (இது முக்கியம், அணைக்காமல் அரிவாளைக் கொண்டு போகாதீர்கள்) இருவரும் சேர்ந்து வேலி நெடுக வெட்டினோம். பெரியப்பாவுக்கும் லாபம், இலைக்குப் போய்க்கொண்டிருந்த ஷாக் இப்போது கம்பியிலேயே நிற்கிறது, பேட்டரியும் தாங்குகிறது. அன்று இரவு இரைச்சல் மீட்டர் மூன்று கட்டம் இறங்கியது. எந்த மென்பொருளை மாற்றினாலும் இவ்வளவு கிடைத்திருக்காது.

மிச்சத்துக்கு ரிக்கிலுள்ள நாய்ஸ் பிளாங்கர் உதவும். ஒழுங்காக அடிக்கும் துடிப்பை அது நன்றாக வெட்டும். போர் மோட்டாருக்கு வைத்த சோலார் பம்பின் இன்வெர்ட்டர் இரைச்சல் வேறு ஜாதி, பகல் முழுக்க மூடுபனி மாதிரி பரவி நிற்கும். பிளாங்கர் அதைத் தொடாது. அதற்கு நான் கண்ட வழி, ஆண்டெனாவைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டு போனது. 14 மெகாஹெர்ட்ஸ் டைபோல் மொத்தமே பத்து மீட்டர் சொச்சம், இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிவிடலாம்.

15 ஆகஸ்ட் 2025

காவேரிப்பட்டினத்து ஊருக்குள் சோலார் வேலி ஏது என்று கேட்கிறார் தம்பி. நியாயம்தான். பின்புறம் மாந்தோப்பு என்று சொன்னீர்களே, அங்கே போய்ப் பாருங்கள்.

16 ஆகஸ்ட் 2025

தோப்பில் பன்றிக்காகப் போட்ட வேலியாம். கொடி ஏறியிருந்ததாம். சந்தோஷம்.

18 ஆகஸ்ட் 2025

கடிகாரம். 15 நொடி முறை என்பதால் உலகம் முழுக்க எல்லோரும் ஒரே கணத்தில் தொடங்கியாக வேண்டும். ஒரு நொடிக்குள் இருந்தால் நல்லது. எஃப்டி4இல் இன்னும் கறார். லேப்டாப்பின் நேரத்தை இணையம் வழியாகச் சரிசெய்ய வைத்துவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் மழை வந்தால் டவர் போய்விடும், அதற்காக யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அதுவும் இல்லையென்றால், திரையில் டிடி என்ற பத்தியைப் பாருங்கள். எல்லா நிலையத்துக்கும் 0.1, 0.2 என்றிருந்தால் உங்கள் கடிகாரம் சரி. எல்லோருக்கும் 1.4 என்று காட்டினால் எல்லோரும் தவறாக இருக்க வாய்ப்பில்லை, உங்களுடையதுதான் நகர்ந்திருக்கிறது.

22 ஆகஸ்ட் 2025

ஒலி அளவைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த இழையே வீண்.

என் இரண்டாவது போட்டியில் ஜப்பானிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் போட்டார். மரியாதையான நான்கு வரி, கூடவே ஒரு படம். அவருடைய வாட்டர்ஃபாலில் என் சிக்னல் மூன்று இடத்தில். 700 ஹெர்ட்ஸில் நான். 1400இல் மங்கலாக நான். 2100இல் இன்னும் மங்கலாக நான். லேப்டாப் ஒலியை முழுதாக ஏற்றிவைத்தால் சிக்னல் வலுவாகப் போகும் என்று நினைத்திருந்தேன். ரிக்கின் உள்ளே அது நசுங்கி மடங்கு அலைகளைக் கிளப்பி, இரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தையும் அடைத்திருக்கிறது. அந்தப் படத்தை அச்சடித்து ரிக்குக்கு மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

வைத்தியம் எளிது. ஏஎல்சி முள் (ஒலி மிஞ்சும்போது அசையும் மீட்டர்) அசையாத அளவுக்கு ஒலியைக் குறைக்கவும். அப்புறம் அமைப்பில் ஸ்பிளிட் ஆபரேஷன் என்ற இடத்தில் ரிக் அல்லது ஃபேக் இட் வைக்கவும். அப்போது மென்பொருள் ரிக்கின் அலைவரிசையைச் சற்று நகர்த்தி, ஒலியை எப்போதும் 1500க்கும் 2000க்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். அதன் மடங்கு 3000க்கு மேல் போய் ஃபில்டரில் செத்துவிடும்.

லேப்டாப்பின் மற்ற சத்தங்களை ரிக்குக்குப் போகும் சவுண்ட் கார்டிலிருந்து பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வாட்ஸ்அப் மணியும் வானத்தில் ஏறும்.

20 வாட் ரிக் என்றால் 10 வாட்டில் ஓட்டுங்கள். 15 நொடியில் 12.64 நொடி முழுச் சக்தியில் எரிகிறது. பேச்சுக்கு அப்படி இல்லை, மூச்சு விடும்போது ரிக்கும் மூச்சு விடும்.

29 ஆகஸ்ட் 2025

நாளை மாலை 5.30க்குத் தொடக்கம், ஞாயிறு மாலை 5.30 வரை. யூடிசி (உலகப் பொது நேரம்) 12 மணி என்பதை நம் நேரத்துக்கு மாற்றினால் அப்படி. என் திட்டம்: தொடக்கத்தில் 21 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா, எட்டு மணிக்கு மேல் 14, நடு இரவில் 7, விடிந்ததும் மறுபடி மேலே ஏறி ஜப்பான். எஃப்டி8க்கு வழக்கமான 14.074 மெகாஹெர்ட்ஸில் போய் நெருக்கியடிக்காமல், போட்டிக்கென்று விதியில் பரிந்துரைத்துள்ள அலைவரிசைகளைப் பாருங்கள்.

1 செப்டம்பர் 2025

தூக்கம் தெளிந்து எழுதுகிறேன். 188 தொடர்பு.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. 15 நொடிக்கு ஒரு முறை திரை நிரம்ப வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று வரி. வேலியைப் போய்ப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. பாலக்கோட்டு மெடிக்கல் கடை நண்பர், என் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர், அதே பேண்டில் இருக்கிறார். நான் முதல் 15 நொடிச் சுற்றில் அனுப்புகிறேன், அவர் இரண்டாம் சுற்றில். அதாவது நான் கேட்க உட்காரும் ஒவ்வொரு முறையும் அவர் என் காதுக்குள் கத்துகிறார், நான் அவர் காதுக்குள். போன் போட்டேன். "நானும் ஒரு மணி நேரமா ரிக்கைத் தட்டிட்டு இருக்கேன்" என்றார். இருவரும் ஒரே சுற்றுக்கு மாறினோம். சேர்ந்து பேசுவது, சேர்ந்து கேட்பது. அடுத்த சுற்றில் 19 வரி விழுந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஊரே நாய்க்குரைப்பு. யானை இறங்கியிருக்கிறது என்று குழுவில் செய்தி. வெளியே போய் ஆண்டெனாவைத் திருப்பலாம் என்றிருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸிலேயே இருந்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிரேசில் ஒன்று கிடைத்தது, மைனஸ் 19. மூன்று முறை கேட்டு, நான்காவது முறை என் குறியைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். மூன்று மணிக்குத் தக்காளி லாரிகள் சந்தைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டபோது இன்னும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

டீ குடித்துவிட்டு வந்தால் லாக் நிறைந்திருக்கும் என்றாரே பெரியவர். அவர் ஒரு ராத்திரி என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உண்மையாகவே அழைக்கிறேன்.

2 செப்டம்பர் 2025

தம்பியின் கணக்கு வந்தது: 10 வாட்டில் 61 தொடர்பு, 17 ஜப்பான். முதல் போட்டிக்கு இது பெரிய விஷயம்.

அவர் லாக்கில் ஒரு வினோதம். இரண்டு நிலையத்துக்கு கிரிட் ஆர்ஆர்73 என்று விழுந்திருக்கிறது. அது "பெற்றுக்கொண்டேன், வணக்கம்" என்று முடிக்கும் செய்தி. ஆனால் எழுத்து அமைப்பில் அதுவும் ஒரு சரியான கிரிட்தான்! ஆர்க்டிக் பெருங்கடலில், 83 பாகை வடக்கே. அங்கே பனிக்கரடிதான் ரிக் வைத்திருக்க வேண்டும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் இதில் ஏமாறாது, அவர் நடுவில் செருகியிருந்த வேறு ஒரு லாக் நிரலின் வேலை. லாக்கை அனுப்பும் முன் கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

29 செப்டம்பர் 2025

ரிட்டியின் காலம் முடிந்துவிட்டது என்று முதல் நாள் எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

சனி, ஞாயிறு சி.க்யூ. டபிள்யூ.டபிள்யூ. ரிட்டி போட்டி. மெடிக்கல் கடை நண்பர் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தார். என்1எம்எம் லாக்கரோடு எம்எம்டிடிஒய், அதற்குப் பக்கத்தில் 2டோன், இரண்டு டிகோடரும் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று கோட்டை விடுவதை இன்னொன்று பிடிக்கும். வேகம் 45.45 பாட், இரண்டே சுரம், நடுவில் 170 ஹெர்ட்ஸ் இடைவெளி. டெலிபிரிண்டர் காலத்து ஐந்து பிட் குறியீடு. எஃப்டி8 போலப் பிழை திருத்தம் எதுவும் கிடையாது, வந்ததை வந்தபடி திரையில் கொட்டும்.

அதில்தான் அதன் அழகே இருக்கிறது. ஐந்து பிட்டில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து அடங்காது. அதனால் "இனி எண்" என்று ஒரு மாற்றுக்குறி முன்னால் போகும். இடி மின்னலில் அந்த ஒரு குறி அடிபட்டால் எண்கள் எல்லாம் எழுத்தாக வந்து விழும். தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையில் இடமிருந்து எண்ணினால் டபிள்யூ 2, டி 5, ஓ 9. ஆக 599 (சிக்னல் தரத்தைச் சொல்லும் எண்) என்பது டிஓஓ. போட்டிக்காக உலகைப் பிரித்ததில் நாம் சி.க்யூ. மண்டலம் 22, ஆக நம் பரிமாற்றம் எதிரில் "டிஓஓ டபிள்யூடபிள்யூ" என்று போகும். முதல் தடவை ஒரு பல்கேரிய நிலையம் என்னைப் பார்த்து அதைத் திருப்பி அனுப்பியபோது விழித்தேன். பத்தாவது தடவை மூளையே படித்துக்கொண்டது. கடைசியில் குப்பையாக வரும் வரியில் எது அழைப்புக்குறி, எது எண், எது இடி என்று கண் தானாகப் பிரித்தது. 15 நொடி காத்திருப்பும் இல்லை. கூப்பிட்டால் உடனே பதில். ஒரு மணி நேரத்தில் 54 எடுத்தேன்.

எஃப்டி8ஐ நான் விடப்போவதில்லை. பலவீனமான இடத்துக்கு அதற்கு இணை கிடையாது. ஆனால் தம்பி, ரிட்டியை விட்டுவிடுங்கள் என்று சொன்னது நான் உட்கார்ந்து பார்க்காமல் சொன்னது. பெரியவர் எஃப்டி8ஐப் பற்றிச் சொன்னதும் அதே மாதிரிதான் என்று இப்போது புரிகிறது. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

16 நவம்பர் 2025

டிசம்பர் 6, சனிக்கிழமை இரவு 11.30க்கு எஃப்டி ரவுண்டப் என்ற அடுத்த போட்டி தொடங்குகிறது. திங்கள் விடியற்காலை 5.30 வரை. இதில் கிரிட் இல்லை, நாம் வரிசை எண் அனுப்ப வேண்டும், அமைப்புப் பக்கத்தில் அதற்குரிய போட்டியை மாற்றிக்கொள்ளவும்.

பெரியவரிடமிருந்து நேற்று போன் வந்தது. வருகிறாராம். மோர்ஸ் சாவியையும் எடுத்து வரட்டுமா என்று கேட்டார், கட்டாயம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தம்பி, நீங்கள் காவேரிப்பட்டினத்திலிருந்து அவரை வண்டியில் ஏற்றி வந்துவிடுங்கள். இருட்டும் முன்னால் வந்து சேருங்கள், ராகி அறுப்பு நேரம், யானை நடமாட்டம் இருக்கிறது. மெடிக்கல் கடையிடம் சொல்லிவிட்டேன்: நாங்கள் இருவருமே முதல் சுற்று.

வேலியில் மழைக்கு மறுபடி கொடி ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் நானும் வெட்டுகிறோம்.